இரண்டு பெட்டிகள், ஒரு மூலை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நாம் எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான். ஆளுக்கொரு பெட்டியைத் தொடங்கிப் பாதியில் போட்டு வைப்பதை விட்டுவிட்டு, எல்லோரும் சேர்ந்து ஒரு ஹார்ன் பேஸ் பெட்டியை, அதாவது தாழ்ந்த ஒலியை விரிந்துகொண்டே போகும் பாதை வழியே வெளியே விடும் ஸ்பீக்கர் பெட்டியை, கணக்குப் போடுவதில் தொடங்கிக் கேட்டுப் பார்ப்பது வரை முழுதாக முடிப்பது என்று தீர்மானித்தோம். ஒன்று என்று ஆரம்பித்த வேலை இரண்டு பெட்டிகளாக முடிந்திருக்கிறது. இரண்டும் பாடுகின்றன. ஆனால் முதல் பெட்டியில் இன்னும் ஒரு குறை பாக்கி இருக்கிறது. அது எப்படி வந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதற்கே இந்த அறிக்கையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்பது. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட இரண்டு கைகளையும் வாய்க்கு முன்னால் குவிக்கிறோம் இல்லையா, அதே வேலைதான் இது. ஸ்பீக்கரில் அசைந்து ஒலி எழுப்பும் கூம்பான கோன் கனமானது, காற்று லேசானது. சாதாரணப் பெட்டியில் கோன் முன்னும் பின்னும் ஓடினாலும் காற்று பிடி கொடுக்காமல் நழுவிவிடுகிறது. அதனால் ஆம்ப் தரும் மின்சாரத்தில் 1 சதவீதம் அளவே ஒலியாகிறது, மீதி கோனை அசைக்கும் கம்பிச் சுருளான காயிலில் சூடாகப் போகிறது. கோனுக்கு முன்னால் குறுகலான தொண்டை வைத்து, அதைப் படிப்படியாக விரித்துக்கொண்டே போய்ப் பெரிய வாயில் முடித்தால், கோனுக்குத் தள்ள ஒரு பிடி கிடைக்கிறது. நல்ல ஹார்னில் 10 சதவீதத்துக்கு மேலும் ஒலியாக மாறும். ஒலி அளவு 10 டெசிபல் கூடினால், அதே சத்தத்துக்கு ஆம்ப் பத்தில் ஒரு பங்கு உழைத்தால் போதும். கோனும் கொஞ்சமாகவே அசையும். கோன் கொஞ்சமாக அசைந்தால் ஒலி சுத்தமாக இருக்கும். நாம் ஹார்னைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குச் சத்தத்தைவிட இந்தச் சுத்தம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் ஒரு பலகையைக்கூட அறுக்கவில்லை. சில உறுப்பினர்களுக்கு அதில் வருத்தம் இருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மூன்று மாதம் வீண் போகவில்லை. நாம் எட்ட நினைத்த 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் சுமார் 8.6 மீட்டர். திறந்த வெளியில் அந்த ஒலியைச் சரியாக விட வேண்டுமானால் ஹார்ன் வாயின் சுற்றளவு ஓர் அலை நீளத்துக்கு இருக்க வேண்டும். பரப்பாகச் சொன்னால் கிட்டத்தட்ட 5.9 சதுர மீட்டர். எந்த வீட்டிலும் நடக்காத காரியம். பெட்டியைத் தரையில் வைத்தால் பாதி போதும், தரையும் ஒரு சுவரும் சேர்ந்தால் கால் பங்கு, இரண்டு சுவரும் தரையும் கூடும் மூலையில் வைத்தால் எட்டில் ஒரு பங்கு. அதாவது 0.74 சதுர மீட்டர். மூலைச் சுவர்களே ஹார்னின் தொடர்ச்சியாக வேலை செய்கின்றன. பால் கிளிப்ஷ் 1946இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மூலைப் பெட்டி இந்தத் தத்துவத்தில் உருவானதுதான். அவருக்கு முன்பே இங்கிலாந்தில் பால் வாய்ட் 1930களில் மூலை ஹார்ன் செய்துவிட்டார். இவர்கள் இருவரின் வேலையைப் பற்றி நடந்த வாசிப்புக் கூட்டம்தான் இந்த ஆண்டின் மிக நல்ல கூட்டம்.

0.74 சதுர மீட்டர் என்றாலும் ஒரே பெட்டியாகக் கட்டினால் கதவு வழியே உள்ளே போகாது. அதனால் வாயை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 0.37 சதுர மீட்டர் வாயுள்ள இரண்டு பெட்டிகளை மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது என்று முடிவானது. யூனிட், அதாவது கோனும் காயிலும் காந்தமும் சேர்ந்த ஸ்பீக்கர், 12 அங்குலம். அதன் கோன் பரப்பு சுமார் 530 சதுர செமீ. தொண்டையை அதில் பாதியாக, 265 சதுர செமீ வைத்தோம். 40 ஹெர்ட்ஸுக்கான எக்ஸ்பொனென்ஷியல் விரிவில் பரப்பு ஒவ்வொரு 47 செமீக்கும் இரட்டிப்பாக வேண்டும். இந்தக் கணக்கில் தொண்டையிலிருந்து வாய் வரை பாதை 1.8 மீட்டர் வருகிறது. அதைப் பெட்டிக்குள் மூன்று மடிப்பாக மடித்தோம். இவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு அலையின் நீளத்தோடு ஒப்பிட்டால் பாதையின் அகலம் மிகச் சிறியது, ஆகவே மடிப்பால் பாதகமில்லை. சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே போனால்தான் மடிப்பு ஒலியைக் கெடுக்கும். அங்கே வேறு ஸ்பீக்கர் பொறுப்பேற்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 40க்குப் போட்ட ஹார்ன் 40இல் முழுப் பலம் தராது. கணக்கில் வரும் முடிவில்லா ஹார்னை எடுத்துக்கொண்டாலும் 46 ஹெர்ட்ஸைத் தாண்டிய பிறகுதான் கோனுக்குக் கிடைக்கும் பிடி பாதியைத் தாண்டுகிறது. இதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லியிருந்தால் பின்னால் சில மனக்கசப்புகள் வந்திருக்காது.

பின்னறையின் கொள்ளளவை முடிவு செய்வதில்தான் அதிக விவாதம் நடந்தது. கோனுக்குப் பின்னால் இருக்கும் மூடிய அறையின் காற்று ஒரு ஸ்பிரிங். தாழ்ந்த ஒலியில் ஹார்னுக்குள் இருக்கும் காற்று கோனுக்குச் சுமையாகத் தொங்கும். அந்தச் சுமையை இந்த ஸ்பிரிங் ஈடுகட்ட வேண்டும். கிளிப்ஷ் சொன்ன வழியில், தொண்டைப் பரப்பையும் பரப்பு இரட்டிக்கும் தூரத்தையும் பெருக்கி, அதை 2.9ஆல் பெருக்கினால் சுமார் 36 லிட்டர் வருகிறது. ஆனால் கோனின் விளிம்புக்கும், அதைப் பின்னால் தாங்கும் ஸ்பைடருக்கும் சொந்தமாகவே ஒரு விறைப்பு உண்டு. காந்தமும் உள்ளே இடம் பிடிக்கிறது. அதனால் அறையைக் கொஞ்சம் பெரிதாகவே விட்டோம். உறுப்பினர் ஒருவர் அன்போடு கொடுக்க முன்வந்த யூனிட்டை ஏற்காததற்கும் காரணம் சொல்ல வேண்டும். அதன் காந்தம் பலவீனம், கோனின் ஆட்டம் எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று காட்டும் மொத்த க்யூ மதிப்பு 0.5. சாதாரண மூடிய பெட்டியில் அது அருமையாகப் பாடும். ஹார்னுக்கு 0.3ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ உள்ள, கோன் விறைப்பான யூனிட் வேண்டும். மெல்லிய கோன் தொண்டையின் அழுத்தத்தில் நெளிந்துவிடும்.

இனி மரவேலை. 18 மிமீ ப்ளைவுட். பக்கப்பலகையைத் தரையில் கிடத்தி, அதன் உள்முகத்தில் ஹார்ன் பாதை முழுவதையும் உண்மை அளவிலேயே பென்சிலால் வரைந்தோம். பாதையை மடிக்கும் ஒவ்வொரு உட்பலகைத் தடுப்புக்கும் இரண்டு கோடுகள், நடுவில் 18 மிமீ இடைவெளி. அந்தக் கோடுகளுக்கு இடையில் தடுப்பை நிறுத்திப் பார்த்தபோது, மேல்முனை ஒரு கோட்டில் சரியாக உட்கார்ந்தது, கீழ்முனை 3 மிமீ உள்வாங்கியது. ரம்பத்தின் தடிமனைக் கழிக்க மறந்திருந்தோம். அன்று மாலையே எல்லா அளவையும் திரும்ப எழுதினோம். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது: ஒருவர் அளப்பார், இன்னொருவர் அந்தத் தாளைப் பார்க்காமல் மறுபடி அளப்பார், இரண்டும் ஒத்துப்போனால்தான் ரம்பம் ஓடும்.

முதல் பெட்டியை மூடிய நாளில் பெரிய மகிழ்ச்சி. மறுநாள் ஒலி விட்டபோது 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெறுமை. கணக்கு தப்பு என்று ஒரு தரப்பு, யூனிட் சரியில்லை என்று இன்னொரு தரப்பு. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு தடை காட்டுகிறது என்று சொல்லும் இம்பிடன்ஸ் வரைபடம் எடுத்தோம். எதிர்பார்த்த சிகரங்கள் இருந்தன, ஆனால் கூர்மை இல்லாமல் மழுங்கிக் கிடந்தன. எங்கோ காற்று கசிகிறது என்று அதுதான் முதலில் காட்டிக்கொடுத்தது. 25 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த அளவில் விட்டு, மெல்லிய டிஷ்யூத் துண்டு ஒன்றை மூட்டுகள் ஓரமாக மெதுவாக நகர்த்தினோம். பின்னறை மூடியின் ஒரு மூலையில் அது படபடத்தது. மூடியைச் சுற்றி ஒட்டிய நுரைப்பட்டையின் இரு முனைகளும் சேரும் இடத்தில் ஓர் அரிசி அகலத்துக்கு இடைவெளி. பட்டையை எடுத்துவிட்டு, முனைகளைச் சாய்வாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினோம். திருகுகளையும் இரட்டிப்பாக்கினோம். சிகரங்கள் பாதி கூர்மையடைந்தன. பாதிதான்.

மீதிக் கசிவு வெளியே எங்கும் தெரியவில்லை. வாய் வழியாகக் கையையும் சிறு விளக்கையும் விட்டுத் துழாவியபோதுதான் பிடிபட்டது. கடைசியாக மூடிய பக்கப்பலகை நடுவில் லேசாக வளைந்திருக்கிறது. அதனால் உள்ளே இருக்கும் இரண்டாவது தடுப்பின் விளிம்பை அது தொடவில்லை. வெளியே காற்று போகாவிட்டாலும், பாதையின் ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்கு ஒலி குறுக்கு வழியில் தாவுகிறது. 1.8 மீட்டர் நடக்க வேண்டிய அலை பாதியிலேயே தப்பித்துவிடுகிறது. கம்பின் நுனியில் அடைப்புப் பசையைத் தடவி எட்டிய வரை பூசினோம். எட்டாத இடம் இன்னும் சுமார் ஒரு சாண் நீளம் இருக்கிறது.

இரண்டாவது பெட்டியில் இந்தத் தவறு நிகழவில்லை. மூடும் பலகையின் வெளிமுகத்திலும் தடுப்புகளின் நடுக்கோட்டை முன்னதாகவே வரைந்துகொண்டோம். ஒவ்வொரு விளிம்பிலும் மரப்பசையைத் தாராளமாக விட்டோம். சுற்று விளிம்பில் மட்டும் போதாது என்று, அந்த நடுக்கோடுகள் நெடுகிலும் 15 செமீக்கு ஒரு திருகு இறக்கினோம். திருகு இறங்கும்போது உள்ளே பசை பிதுங்கி வெளிவந்ததை வாய் வழியாக விளக்கடித்துப் பார்த்தோம். எந்த இடத்தில் பிதுங்கவில்லையோ அங்கே இன்னொரு திருகு. அந்தப் பெட்டியின் இம்பிடன்ஸ் சிகரங்கள் கணக்கில் வந்த படத்தோடு ஒட்டி நின்றன.

என் பங்குக்கு ஒரு தவறு உண்டு, அதைப் பதிவு செய்வது என் கடமை. முதல் பெட்டியை, மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் இல்லாமல் உரத்து ஓட்டியது நான்தான். ஹார்னின் எல்லைக்குக் கீழே உள்ள ஒலி வரும்போது கோனுக்கு முன்னால் பிடி எதுவும் இல்லை. பாட்டில் இருந்த மிகத் தாழ்ந்த ஓர் ஒலிக்கு கோன் எகிறி, காயில் பின்தட்டில் இடித்துவிட்டது. டக் என்ற அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. யூனிட்டுக்குப் புதுக் கோனும் காயிலும் போட வேண்டியதாயிற்று. இனி எந்தப் பெட்டியும் 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் வெட்டும் ஃபில்டர் இல்லாமல் ஆம்பில் இணைக்கப்படாது.

மேல் ஒலிக்கான ஸ்பீக்கர்களை 5 மில்லிசெகண்டுக்குச் சற்று அதிகமாகத் தாமதப்படுத்தியதும் ஒரு நல்ல பாடம். பேஸ் 1.8 மீட்டர் உள்ளே நடந்துவிட்டு வருகிறது, மற்றது நேராக வருகிறது. தாமதம் போடும்வரை மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடி இரண்டாகப் பிளந்து கேட்டது. போட்டதும் ஒரே அடியாகச் சேர்ந்து, தோல் அழுந்தி மேலேறும் அந்தக் குமுறல்வரை தெளிந்தது. யாரும் சிறிது நேரம் பேசவில்லை. இரண்டு பெட்டிகளையும் சேர்த்து ஓட்டியபோது ஒன்றைவிட 6 டெசிபல் வரை கூடும் என்பது கணக்கு: இரு மடங்கு மின்சாரத்துக்கு 3, இரு வாய்களும் சேர்ந்து ஒரே பெரிய வாயாவதற்கு 3. முதல் பெட்டியின் குறை இருக்கும்வரை அது முழுதாகக் கிடைக்காது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. முகக்கவசம் இல்லாதவர் ரம்பத்தின் அருகே வரக்கூடாது. ஹார்ன் பெட்டியில் இரைச்சல் இல்லாததால் எவ்வளவு சத்தம் என்று காதுக்கு உறைப்பதில்லை. 85 டெசிபலில் 8 மணி நேரம் கேட்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 100இல் 15 நிமிடம்தான். மீட்டரை மேசைமேல் வைத்துவிட்டே இனிக் கேட்போம்.

பெட்டிகளைச் சுமந்து தந்தவர்களுக்கும், கையைத் தோள்வரை ஹார்னுக்குள் விட்டுக் கசிவைக் கண்டுபிடித்த நம் இளைய உறுப்பினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

பொதுக்குழு முன் ஒரே ஒரு கோரிக்கையை வைக்கிறேன். முதல் பெட்டியின் பக்கப்பலகையை அறுத்து எடுத்து, தடுப்பு விளிம்புகளைச் சீவிச் சமப்படுத்தி, புதுப் பலகையால் மூட அனுமதி வேண்டும். அறுக்கும்போது தடுப்புகள் சேதமாகலாம், அப்படியானால் பாதிப் பெட்டியைத் திரும்பக் கட்ட வேண்டிவரும். அந்த வேலை முழுவதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். அளந்து சரிபார்க்க இன்னொருவர் மட்டும் கூட வேண்டும். இந்த அறிக்கையை ஏற்புக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்