அப்பாவுக்கு, நன்றிக் கூட்டத்துக்கு முன்

அன்புள்ள அப்பா,

ஸ்தோத்திரம். வேதாகமக் கல்லூரிக்கு என் பதிலை அனுப்பிவிட்டேன். இந்த வருடமும் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை, எனக்காக இடம் வைத்திருக்க வேண்டாம் என்று எழுதினேன். போனில் சொன்னால் நீங்கள் உடனே ஜெபிக்கத் தொடங்குவீர்கள், நானும் முடிவில் ஆமென் சொல்லிவிடுவேன். அதனால்தான் எழுத்தில். எல்லாரும் படிக்கிற இடத்தில் ஏன் போட்டாய் என்று கேட்பீர்கள். என்னை முழுநேரச் சபை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்ததும் எல்லார் முன்னாலும்தான் நடந்தது.

என்னை ஊழியத்துக்குக் கொடுப்பதாக அம்மா கர்த்தரிடம் பண்ணின பொருத்தனையைப் பற்றி இங்கே அதிகம் எழுத மாட்டேன். நம் சபையார் பலர் இதை வாசிப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை யார் என்ன சொன்னார்கள் என்பது நமக்குள் இருக்கட்டும். பொருத்தனை பண்ணினால் செலுத்தத் தாமதியாதே என்று நீங்கள் பிரசங்கி ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். உங்களை இத்தனை வருடம் காக்க வைத்ததற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் கடனைச் செலுத்தாமல் ஓடுகிறவனாக என்னைப் பார்க்காதீர்கள். அதைத் தாங்க முடியவில்லை.

கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நீங்கள் அச்சைத் தாங்குகிற ஒரு பேரிங்கைச் சுரண்டிக்கொண்டிருந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பள்ளி விடுமுறை, சாப்பாட்டுத் தூக்கோடு வந்தேன். கேட்டில் இருந்தவர் உள்ளே விட்டுவிட்டார். நீங்கள் அச்சின்மேல் நீலச் சாயத்தை மெலிதாகப் பூசி, பேரிங்கை வைத்துத் திருப்பி எடுத்தீர்கள். நீலம் ஒட்டிய இடமெல்லாம் மேடு. அந்த மேட்டை மட்டும் சுரண்டினீர்கள். மறுபடி சாயம், மறுபடி வைத்துப் பார்த்தல், மறுபடி சுரண்டல். மணி அடித்து மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நீங்கள் நகரவில்லை. நான் நிற்பதைக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் பேரிங் முழுவதும் நீலப் புள்ளிகள் சமமாகப் பரவி வந்தன. அப்போது நீங்கள் சிரித்தீர்களே, அந்த மாதிரி ஒரு சிரிப்பை உங்கள் முகத்தில் நான் வேறு எங்கேயும் கண்டதில்லை. என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்து, "தொட்டுப் பாருடா" என்றீர்கள். சோறு ஆறிப்போயிருந்தது.

அந்தச் சிரிப்பை ஏன் ஆலயத்துக்குக் கொண்டுவரவில்லை, அப்பா?

கர்த்தர் செய்ததை எழுந்து சொல்கிற சாட்சிக் கூட்டங்களில் நீங்கள் பேச எத்தனை முறை கேட்டிருப்பேன். கைப்பிரதி கொடுத்தது, தெருமுனையில் பாடியது, வியாதிக்காரருக்கு ஜெபித்தது எல்லாம் வரும். ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும் ஒரே வரி: வயிற்றுப்பாட்டுக்குக் கர்த்தர் ஒரு வேலை கொடுத்தார். நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்த பிறகும், அதை ஊழியம் வரும்வரை உட்கார்ந்திருக்கிற பஸ் ஸ்டாப்பாகவே நினைத்தேன். அப்படிப் போன வருடங்களுக்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அம்மா இருந்தவரை சொல்லவில்லை.

பெசலெயேல் கதையை சண்டே ஸ்கூலில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். யாத்திராகமம் 31. தேவன் அவனைத் தம்முடைய ஆவியினால் நிரப்பியது பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்வதற்கு, இரத்தினம் பதிப்பதற்கு, மரத்தில் செதுக்குவதற்கு. அது தேவனை ஆராதிக்கிற ஆசரிப்புக் கூடாரத்து வேலை, உன் லிஃப்ட் அப்படியா என்பீர்கள். சரி, ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்துக்கு வாருங்கள். ஆதாமைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும். அங்கே கூடாரம் கிடையாது, பாவமும் இன்னும் வரவில்லை. முள்ளும் குருக்கும் நெற்றி வேர்வையும் அடுத்த அதிகாரத்தில்தான்.

என் வேலையில் இரண்டு அதிகாரமும் இருக்கிறது. குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் கட்டிய 17 மாடி பிபிஆர் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். பட்டனை எரித்து வைத்திருப்பார்கள், உள்ளே மூத்திர நாற்றம், நடுராத்திரியில் அழைப்பு, போனால் வசவு. அவர்கள் ஏசுவதிலும் நியாயம் உண்டு. டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒரு பாட்டியை மகன் முதுகில் சுமந்து படியிறங்கியதைப் பார்த்தவன் நான். அப்புறம், பிரேக் உங்களுக்குத் தெரியாததா? பழைய லிஃப்டில் பிரேக் லைனிங் தேய்ந்தால் தரைக்கு ஒரு விரல் கீழேயோ மேலேயோ நிற்கும். நன்றாக நடக்கிற நம் கண்ணில் அது படாது. வாக்கர் பிடித்து நடக்கிறவர் விழ அவ்வளவு போதும். அதைச் சரிசெய்து, ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி, குனிந்து விரலால் தடவிப் பார்ப்பேன். மட்டமாக இருந்தால் எனக்குள் ஒரு சந்தோஷம் வரும் அப்பா. ஜெபத்தில் வருகிற அதே சந்தோஷம்தான். சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்து ஏறுகிறவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். கவனிக்க வேண்டியவர் கவனிக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

சபை ஊழியர்களைக் குறைத்துப் பேசுகிறேன் என்று இதைப் படிக்கிற யாரும் எண்ண வேண்டாம். அம்மாவின் கடைசி நாட்களில் பாஸ்டர் ஐயா வந்து உட்கார்ந்திருந்ததை மறக்க மாட்டேன். அந்த அழைப்பு அவருக்கு உண்டு. எனக்கு இருப்பது வேறு. அம்மா என்னைக் கர்த்தருக்குக் கொடுத்தார்கள், அவர் என்னை லிஃப்ட் வேலையில் வைத்திருக்கிறார். அம்மாவிடம் இதை நேரில் சொல்ல முடியாமல் போனதுதான் வலிக்கிறது.

சனிக்கிழமை உங்கள் 70ஆம் பிறந்தநாள் நன்றிக் கூட்டத்துக்குப் பிள்ளைகளோடு வருகிறேன். பிரியாணிக்குச் சொல்லியாயிற்று, நீங்கள் அலைய வேண்டாம். சாட்சி சொல்ல எழும்போது கைப்பிரதியோடு அந்த பேரிங்கையும் சொல்லுங்கள். அதற்காகவும் கர்த்தருக்கு நன்றி சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் எழுந்து சொல்வேன். அப்போது என்னை உட்காரச் சொல்லாதீர்கள்.

உங்கள் மகன்