மருத்துவமனைக்குப் பின் ஒரு வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

குடும்பம் ஏற்கவில்லை, தங்க இடமில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு கூறியிருந்தும், நோய் தணிந்த பின்னரும் போக இடமின்றி ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கியிருப்போர் உண்டு. சென்னையில் 1993இல் தொடங்கிய 'தி பேனியன்' என்ற மனநலத் தொண்டு அமைப்பு, இத்தகையோரை நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில், வாடகை வீடுகளில், உதவியாளர் துணையுடன் குடியமர்த்தி, இது இயலும் என்று காட்டியிருக்கிறது. வீடு கிடைப்பதைவிட (வாடகைக்கு விடத் தயங்கும் உரிமையாளர்கள் தனிக்கதை) அதன் பிறகு வேண்டியவையே கடினம்: ஆதார், வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை, சமையலும் கடைக்குப் போவதும் மீண்டும் பழகும் வரை உடனிருக்க ஓர் ஆள். மருத்துவமனையிலிருந்து அனுப்பும் முன்பே இவற்றை முடித்துத் தரும் பொறுப்பை மாவட்ட மனநலத் திட்டத்திடம் அரசு எழுத்துப்பூர்வமாக ஒப்படைக்க வேண்டும்.

வாசகர், சென்னை