போர் நினைவிடத்தை வாசிக்க மாணவர்களுக்கு நேரம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி, கல்லூரி மாணவர்களைக் குழுவாக வரலாற்றுச் சின்னங்களுக்கும் போர் நினைவிடங்களுக்கும் அழைத்துச் செல்லும் வழக்கம் பெருகிவருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்தப் பயணங்களின் நிகழ்ச்சி நிரலைப் பார்க்கும்போது, வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. காலையில் ஒரு கோட்டை, அடுத்து ஓர் அருங்காட்சியகம், மதியத்துக்குப் பின் ஓர் அரண்மனை, பேருந்து கிளம்புவதற்கு முன் எஞ்சும் இருபது நிமிடங்களில் ஒரு போர் நினைவிடம் என்று அடுக்கப்பட்ட அந்த நிரலில், நினைவிடம் என்பது ஒரு குழுப் புகைப்படத்துக்கான பின்னணியாகச் சுருங்கிவிடுகிறது. பயண ஏற்பாட்டாளர்களும் பள்ளி நிர்வாகங்களும் இதை மாற்ற வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கோட்டையும் அரண்மனையும் கண்ணுக்கு முன்னால் எழுந்து நிற்பவை. அவற்றின் மதிலும் அகழியும் விளக்கம் இல்லாமலேயே ஓரளவு பேசிவிடும். போர் நினைவிடம் அப்படிப்பட்டதல்ல. அங்கே இருப்பது பெரும்பாலும் எழுத்துதான்: பெயர், படைப்பிரிவு, நாள், வயது. அதை வாசிக்காமல் திரும்புகிறவர் எதையும் பார்க்காமலே திரும்புகிறார். பெல்ஜியத்தில் ஈப்பர் நகரில், முதல் உலகப் போர் நினைவிடமான மெனின் வாயிலில், உடல் கண்டெடுக்கப்படாத அல்லது அடையாளம் காணப்படாத 54,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. இருபது நிமிடங்களில் அந்தச் சுவர்களில் ஒரு மூலையைக்கூட வாசித்து முடிக்க இயலாது. பெயர்களின் பெருக்கத்தைக் கண்டு வியந்து நிற்கும் மாணவர்களுக்கு அவற்றில் ஒன்றுகூட நினைவில் தங்குவதில்லை.

எனவே நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. பயணத்தில் இடங்களைக் குறையுங்கள். ஒவ்வொரு மாணவரும் புறப்படுவதற்கு முன்பே அங்கே நினைவுகூரப்படும் ஒருவரின் பெயரைத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயரைத் தேடிச் சென்று அதன் முன் நிற்கும்படி பயணத்தை அமையுங்கள்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத யோசனை அல்ல. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 லட்சம் பேரின் கல்லறைகளையும் நினைவுச் சின்னங்களையும் 150க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் பராமரித்துவரும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், தன் பதிவுகளை இணையத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. இந்தியப் படையினரைப் பற்றிய பதிவுகள் பலவற்றில் தந்தையின் பெயரும் ஊரும் மாவட்டமும்கூடக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மாணவர் வகுப்பறையில் அமர்ந்தபடியே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, அவர் எந்த ஊரிலிருந்து கிளம்பினார், எந்தப் படைப்பிரிவில் சேர்ந்தார், எந்த நாளில் இறந்தார், அன்று அந்த இடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை ஒரு வாரத்தில் ஓரளவு தேடிச் சேர்த்துவிட முடியும். நினைவிடத்தை அடைந்ததும் பெரும்பாலான கல்லறைத் தோட்டங்களின் நுழைவாயிலில் சிறு பேழையில் வைக்கப்பட்டிருக்கும் பதிவேட்டைப் புரட்டி, வரிசை எண்ணைக் கண்டுபிடித்து, அந்தக் கல்லை அவரே தேடிச் செல்லலாம்.

அந்தக் கல்லில் ஒரு மாணவர் கண்டறியக்கூடியவை நிறைய. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் உள்ள ஆணையத்தின் கல்லறைகளில் நிற்கும் வெள்ளைக் கற்கள் ஏறத்தாழ 81 செ.மீ. உயரமும் 38 செ.மீ. அகலமும் கொண்டவை. மேலே படைப்பிரிவின் சின்னம், அதன் கீழே எண், பதவி, பெயர், இறந்த நாள், தெரிந்திருந்தால் வயது, பிறகு சமயக் குறி என்று ஓர் ஒழுங்கில் அவை அமைந்திருக்கும். தளபதிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சிறிய கல் என்ற வேறுபாடு கிடையாது. 1917-இல் ஆணையம் தொடங்கப்பட்ட பிறகு உறுதிசெய்யப்பட்ட கொள்கை அது. உடல்களைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக விடாததோடு சேர்த்து, இதையும் பல குடும்பங்கள் கடுமையாக எதிர்த்தன. கல்லின் அடிப்பகுதியில் மட்டும் குடும்பத்தினர் தங்கள் சொந்தச் சொற்களைப் பொறித்துக்கொள்ள இடம் விடப்பட்டது. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கு, இடைவெளியும் சேர்த்து 66 எழுத்துகள் என்பது அதன் வரம்பு. பெற்ற மகனைப் பற்றி ஒரு தாய் 66 எழுத்துகளுக்குள் என்ன சொல்லியிருக்கிறாள் என்பதை ஒரு பதினேழு வயது மாணவர் தாமே குனிந்து வாசிக்கும்போது ஏற்படும் மாற்றத்தை, வகுப்பில் எத்தனை பாடம் நடத்தியும் என்னால் ஏற்படுத்த முடிந்ததில்லை. கல்லில் வயது 18 என்றோ 19 என்றோ இருந்தால் அவர்கள் கேட்கத் தொடங்கும் கேள்விகளுக்குப் பாடநூலில் விடை கிடையாது.

பெயரோடு கூடவே களத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். வடக்கு பிரான்சின் நியூவ் சாப்பல் என்ற சிற்றூரில், 1915 மார்ச் 10 அன்று தொடங்கிய தாக்குதலில் இந்தியப் படையினர் பெருமளவில் ஈடுபடுத்தப்பட்டனர். 1927-இல் அங்கே திறக்கப்பட்ட வட்ட வடிவ நினைவிடத்தில், கல்லறை இன்னதென்று தெரியாமல் போன 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர்கள், தொழிலாளர்களின் பெயர்கள் உள்ளன. அங்கே செல்லும் மாணவர்கள் தூணின் உச்சியிலுள்ள தாமரையையும் அதன் அருகே அமர்ந்திருக்கும் புலிச் சிலைகளையும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். மூன்று நாள் சண்டையில் கைப்பற்றப்பட்ட நிலம் எவ்வளவு குறைவானது என்பதையும், அடர்ந்த பனிக்குப் பழகாத மனிதர்கள் 1914-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை அகழிகளில் எப்படிக் கழித்தார்கள் என்பதையும் முன்னரே படித்திருந்தால், அந்தச் சமவெளியில் நின்று கண்ணுக்கு எட்டிய தூரத்தை அவர்களே அளந்து பார்ப்பார்கள்.

இந்தியாவிலேயே இதற்கு உகந்த இடம் நாகாலாந்தின் கோஹிமா. 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜப்பானியப் படைக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் நடந்த சண்டையில், துணை ஆணையர் மாளிகையின் டென்னிஸ் ஆடுகளமே போர்முனையாக இருந்தது. ஆடுகளத்தின் இரு பக்கங்களிலும் எதிரெதிர்ப் படைகள் பதுங்கியிருந்தன. அந்த ஆடுகளத்தின் கோடுகள் இன்றும் கல்லறைத் தோட்டத்துக்குள் குறிக்கப்பட்டுள்ளன. ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு நடந்து பார்க்கும் மாணவருக்கு, போர்முனை என்ற சொல் அதற்குப் பிறகு வரைபடத்தில் உள்ள அம்புக்குறியாக இருக்காது. அதே தோட்டத்தில் 1,400க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்களைத் தாங்கிய சின்னமும் மேட்டில் நிற்கிறது. அங்கே நான் அழைத்துச் சென்ற மாணவி ஒருத்தி, தான் தேடி வந்த பெயரைக் கண்டதும் தன் குறிப்பேட்டைத் திறந்து, அவருடைய ஊரின் பெயரை மெல்லிய குரலில் படித்துக் காட்டினாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. சற்று நேரத்தில் மற்றவர்களும் ஒவ்வொருவராக அவரவர் பெயரிடம் போய் நின்று அப்படியே செய்தார்கள். நினைவிடத்தில் இளைஞர்களுக்கு அக்கறை இல்லை, கைப்பேசியைத் தவிர வேறெதுவும் தெரியாது என்ற குற்றச்சாட்டை நான் ஏற்பதில்லை. செய்ய ஒரு வேலை கொடுக்காமல் கொண்டுபோய் நிறுத்தினால் யாராக இருந்தாலும் கைப்பேசியைத்தான் எடுப்பார்கள்.

கல்லில் இருக்கும் பெயரைத் தேடுவதோடு வேலை முடிந்துவிடாது. யாருடைய பெயர் இங்கே இல்லை என்று கேட்கவும் மாணவர்களைப் பழக்க வேண்டும். தமிழராகிய நமக்கு இந்தக் கேள்வி மிக அருகில் இருக்கிறது. 1942-43-இல் ஜப்பானிய ராணுவம் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்த மரண ரயில் பாதையில், நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் வேலை வாங்கப்பட்டு, 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அழகாகப் பராமரிக்கப்படும் கல்லறைத் தோட்டம் உண்டு. ஏறத்தாழ 7,000 பேர் அங்கே கிடக்கிறார்கள், கல்லுக்குக் கல் பெயர் இருக்கிறது. அதே பாதையில் வேலை வாங்கப்பட்ட ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை இரண்டு லட்சத்துக்கும் அதிகம் என்றும், அவர்களில் 90,000 பேர் வரை இறந்தனர் என்றும் மதிப்பிடப்படுகிறது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். காலராவிலும் பட்டினியிலும் மாண்ட அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூட முழுமையாக எழுதப்படவில்லை. அந்தப் பாதையிலுள்ள குவாய் ஆற்றுப் பாலத்தில் நடந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பும் தமிழ் மாணவர் குழுவுக்கு, அந்தத் தண்டவாளத்தின் அடியில் தங்கள் சொந்தங்களும் இருக்கக்கூடும் என்பதை வழிகாட்டி சொல்லாவிட்டால், உடன் சென்ற ஆசிரியராவது சொல்ல வேண்டாமா?

இந்த விடுபடல் ஓரிடத்துக்கு மட்டும் உரியதல்ல. முதல் உலகப் போரில் இறந்தவர்களைப் பற்றி 2021-இல் காமன்வெல்த் ஆணையமே வெளியிட்ட ஆய்வறிக்கை, ஆப்பிரிக்கர்களையும் எகிப்தியர்களையும் பெரும்பாலும் உள்ளடக்கிய குறைந்தது 1,16,000 பேர் பெயர் குறிப்பிடப்படாமலோ, ஒருவேளை நினைவுகூரப்படாமலேயோ விடப்பட்டனர் என்றும், இந்தியர்கள் உட்பட 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. கல்லுக்குக் கல் சமத்துவம் என்ற கொள்கையை வியந்து எழுதும் மாணவர், அந்தக் கொள்கை எல்லை கடந்ததும் எங்கே நின்றுபோனது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். எதிரித் தரப்பில் இறந்தவர்களையும் மறக்கலாகாது. பிரான்சின் வெர்டன் அருகே டூமோன் எலும்புக்கூடத்தில், அடையாளம் தெரியாத பிரெஞ்சு, ஜெர்மானிய வீரர்கள் ஏறத்தாழ 1,30,000 பேரின் எலும்புகள் பிரிக்க இயலாதபடி ஒன்றாகவே வைக்கப்பட்டுள்ளன. கட்டடத்தின் வெளிப்புறத்திலுள்ள சிறிய சாளரங்கள் வழியே அவற்றைக் காணலாம்.

இத்தகைய காட்சிகளுக்குச் சிறுவர்களை அழைத்துச் செல்வதில் கவனம் தேவை. போலந்தில் நாஜிக்களின் வதைமுகாம் இருந்த அவுஷ்விட்ஸ் நினைவிடம், 14 வயதுக்குக் குறைந்தவர்கள் வருவதைத் தான் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்திருக்கிறது. என்ன பார்க்கப் போகிறோம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பார்க்க விரும்பாதவர் வெளியே அமர்ந்திருக்க அனுமதியும், அவருடன் ஓர் ஆசிரியர் இருக்கவும் ஏற்பாடு வேண்டும்.

இறந்தவரின் பெயரைக் கல்லில் எழுதி நிறுத்துவது மேலைநாட்டு வழக்கம் என்று நினைக்கும் மாணவர்களுக்கு, நடுகல் மரபை நினைவூட்டுவது நலம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்று கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை ஒவ்வொரு படியையும் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகல், கூடலூர் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவரின் பெயரைச் சொல்கிறது. எந்த ஊர், எந்தப் பூசல், யார் என்ற மூன்றும் அந்தச் சிறிய கல்லிலும் இருக்கின்றன. பயணத்துக்கு முன் ஒரு நடுகல்லை வாசிக்கப் பழகிய மாணவருக்கு நியூவ் சாப்பலின் சுவர் அந்நியமாகத் தோன்றாது.

நிர்வாகங்களுக்கு என் கோரிக்கை எளிமையானது. ஒரு நாளில் ஒரு நினைவிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். அங்கே குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். மாணவர்களுக்கான பெயர்களைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே பிரித்துக் கொடுங்கள். 1928 முதல், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலம் நீங்கலாக, மெனின் வாயிலில் ஒவ்வொரு நாளும் இரவு 8 மணிக்கு எக்காளம் ஊதி அஞ்சலி செலுத்தப்படுகிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் மாணவர் குழுக்கள் மலர் வளையம் வைக்கவும் அங்கே வாய்ப்புத் தருகிறார்கள். அதற்கான கடிதத்தை மாணவர்களே எழுதட்டும். பெற்றோரும் முன்பணம் கட்டுவதற்கு முன், எத்தனை இடங்கள் காட்டுவீர்கள் என்று கேட்பதை விட்டு, நினைவிடத்தில் எவ்வளவு நேரம் நிற்பார்கள், அங்கே என்ன செய்வார்கள் என்று பயண ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வரலாற்று ஆசிரியர்