பந்தலை நம் வாசலிலேயே போடலாம்

லீட்ஸ், இங்கிலாந்து,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் எழுதுவது. இங்கு நான் நலம். நீங்களும் அப்பாவும் பாட்டியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான். என் கல்யாணத்தைப் பற்றித் தொலைபேசியில் பேச்செடுத்தாலே அப்பா மண்டப வாடகைக்கும் வீடியோக்காரருக்குக் கொடுக்க வேண்டிய முன்பணத்துக்கும் போய்விடுகிறார். ஆகையால் என் மனத்தில் இருப்பதை நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் படித்த பிறகு அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

என்னுடன் வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சென்ற மாதம் திருமணம் நடந்தது. இந்த நாட்டில் பதிவுத் திருமணம் செய்துகொள்பவர்கள் குறைந்தது 29 நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அவள் அதற்கும் பல மாதங்கள் முன்பிருந்தே ஆயத்தமாகிவந்தாள். தொண்டு நிறுவனங்கள் பழைய பொருட்களை விற்கும் சாரிட்டி கடைகளில் மலிவாகக் கிடைத்த பழைய படுக்கை விரிப்புகளையும் திரைச்சீலைகளையும் அவளுடைய தாத்தாவின் சட்டைகளையும் முக்கோணங்களாக வெட்டி, நீளமான நாடாவில் வரிசையாகத் தைத்துத் தோரணமாக்கினோம். அதற்கென்றே வெட்டுவாய் முழுவதும் பல் பல்லாக அமைந்த ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது; அதனால் வெட்டினால் ஓரம் மடித்துத் தைக்காமலேயே துணி நூல் பிரியாமல் நிற்கிறது. எனக்குக் கிடைத்த வேலை அந்த வெட்டும் வேலைதான். கிராமத்துப் பொதுக் கூடம் ஒன்றில் விருந்து நடந்தது. ஒன்றோடொன்று சேராத பழைய பீங்கான் கோப்பைகளை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரவல் வாங்கி வந்திருந்தார்கள். கேக்கை அவளுடைய சித்தி செய்தார்.

அவள் உடுத்தியிருந்தது கொள்ளுப்பாட்டி 1944-இல் உடுத்திய உடை. பாராசூட்டுத் துணியில் தைத்தது என்று சொன்னபோது முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். இரண்டாம் உலகப் போரின்போது இங்கே 1941-இல் தொடங்கி 1949 வரை துணிக்குக் கூப்பன் முறை இருந்ததாம். மணப்பெண்கள் கிடைத்த துணியில் தைத்தும் இரவல் வாங்கி உடுத்தியும் சமாளித்திருக்கிறார்கள். 1940-இல் கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சுக்கே தடை வந்ததால், அட்டையில் செய்து வெள்ளையடித்த பெரிய கேக் கூட்டை வாடகைக்கு வாங்கிச் சின்னக் கேக்கின் மேல் கவிழ்த்து வைப்பார்களாம். அன்று வேறு வழியில்லாமல் செய்த சிக்கனத்துக்கு இன்று ‘விண்டேஜ்’ என்று பெயர் வைத்து, புதிதாகச் செய்த சாமானுக்குப் பழைய நிறம் பூசிக் கடைகளில் கொள்ளை விலைக்கு விற்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் வந்தவர்களில் பாதிப்பேர் கையில் ஏதோ ஒரு வேலை இருந்ததால், எவரும் வேடிக்கை பார்க்க வந்தவராக உட்கார்ந்திருக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். சின்ன மாமா கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு நம் தெருப் பெண்கள் எல்லோரும் அரிவாள்மணையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து காய் நறுக்கினார்களே, அந்த நினைவு வந்தது. மண்டபத்தில் அதற்கு இடமேது? காலையில் வந்து, மொய் எழுதி, பந்தியில் சாப்பிட்டுப் போய்விடுகிறோம்.

ஆகையால் கல்யாணத்தை நம் வீட்டு வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது என் விருப்பம். வைகாசி என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விடுமுறை. அறுவடை முடிந்து, மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவை வேலை மும்முரமாவதற்கு முன்பு ஊரில் ஆட்களுக்கும் ஓய்விருக்கும். தையில் தேடினாலும் கிடைக்காத மல்லிகை அப்போது தாராளமாகக் கிடைக்கும். தகரப் பந்தல் வேண்டாம், தென்னங்கீற்றுப் பந்தலே வெயிலுக்குக் குளிர்ச்சி. கோட்டை அடுப்பை மட்டும் பந்தலுக்கு எட்டத்தில், கொல்லைப்புறத்தில் போடச் சொல்லுங்கள். கோடை மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அங்கே மேலே தார்ப்பாய் கட்டிவிடலாம். வாசலுக்கு வாழைமரமும், குருத்தோலையில் கிளி மடித்த தோரணமும் போதும். பெரியப்பாவுக்கு அந்தக் கிளி மடிக்கத் தெரியும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளும் கற்றுக்கொள்ளட்டும்.

பழைய பொருள் எதையும் நாம் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பாட்டியின் கூறைப்புடவை பெட்டியில் இருக்கிறது. ஜய வருஷத்து வைகாசியில், அதாவது 1954-இல், பாட்டி உடுத்தியது. மாயவரத்துக் கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கட்டம் போட்ட புடவை. முகூர்த்தக் கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டாரின் உரிமை, அதில் நாம் தலையிடக் கூடாது. நலங்குக்கு உடுத்தினால் மஞ்சளும் எண்ணெயும் பட்டுவிடும். முதல் நாள் மாலை நிச்சயதார்த்தத்துக்கு அதை உடுத்திக்கொள்கிறேன். இப்போதே எடுத்து நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள், வெயில் ஆகாது. பட்டு எப்போதும் மடிப்போரத்தில்தான் நைந்து கிழியும் என்பதால், பழைய மடிப்பிலேயே மடிக்காமல் மாற்றி மடித்து, சலவை செய்த பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை சரிகையில் படக் கூடாது. முந்தானை நைந்திருந்தால் வெட்டிவிடாதீர்கள். பின்புறம் மெல்லிய மல் துணி வைத்து நான் வந்து தைத்துக்கொள்கிறேன். தையல் இங்கே கொஞ்சம் கைவந்துவிட்டது!

பரணில் இருக்கும் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு இரண்டையும் இறக்கிப் புளி போட்டுத் துலக்க வேண்டும். ஒன்றின் உச்சியில் இருக்கும் அன்னத்துக்கு மூக்கு உடைந்திருக்கும். அதை ஒட்ட வைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். பாட்டி, தாத்தா கல்யாணத்துக்குத் தாத்தாவின் நண்பர்கள் அச்சிட்டுக் கண்ணாடி போட்டுக் கொடுத்த வாழ்த்துமடலைப் பந்தல் வாசலில் மாட்டலாம். எந்த அலங்காரக்காரராலும் அப்படி ஒன்றைக் கொண்டுவர முடியாது.

பத்திரிகையை நானே கையால் எழுதி அனுப்புகிறேன். கும்பகோணத்தில் கொடுத்து மஞ்சள் தாளில் ஒற்றை வண்ணத்தில் அச்சிட்டால் போதும். உங்கள் பெயரோடு பாட்டிமார் இருவர் பெயரும் அதில் வர வேண்டும். இந்த நாட்டில் 2021 மே மாதம் வரை திருமணச் சான்றிதழில் தகப்பனாரின் பெயர் மட்டுமே இருந்ததாம், தாயார் பெயருக்கு இடமே இல்லையாம். நம் ஊர்ப் பத்திரிகையில் ஊரிலுள்ள அத்தனை பேர் பெயரும் இருக்கும், பாட்டிகளின் பெயர்தான் விட்டுப்போகும்.

மேளம் பற்றி மாப்பிள்ளையின் தங்கைக்கு வேறு யோசனை இருக்கிறது. செண்டை மேளம் வைத்தால்தான் படத்தில் நன்றாக வருமாம். நான் அவளிடம் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தைப் பற்றிச் சொன்னேன். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல ஆண்டுகள் காய்ந்த ஆச்சா மரத்தில்தான் அதைக் கடைகிறார்கள். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த மண்ணில் இன்னொரு மேளம் எதற்கு என்று கேட்டேன். பாதி சம்மதித்திருக்கிறாள். படம் எடுக்க ஒரு பின்னணி கேட்டால், நம் நடைக்கதவே இருக்கிறதே.

கையால் செய்கிறோம் என்பதால் செலவே ஆகாது என்று அப்பா எண்ணிவிட வேண்டாம். சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும், ஒத்தாசைக்கு வரும் தெருப் பெண்களுக்குப் புடவையாவது எடுக்க வேண்டும். மண்டப வாடகை மிச்சமாவதில் அது அடங்கும் என்று நினைக்கிறேன். தாம்பூலத்துக்கு மஞ்சப்பையை நம் தையல்காரரிடம் இப்போதே சொல்லிவைத்தால், சித்திரைக்குள் முடித்துக் கொடுத்துவிடுவார். விருந்தில் அசோகா அல்வா கட்டாயம் வேண்டும், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்பா முன்பணம் கட்டிவிடுவதற்கு முன்பு இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டிவிடுங்கள். வாசலின் நீள அகலத்தை அளந்து, பந்தல்காரர் எத்தனை கீற்று கேட்கிறார் என்பதையும் எழுதுங்கள். தெருவை அடைத்துப் பந்தல் போட வேண்டியிருந்தால் அக்கம்பக்கத்தாரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்வதுதான் முறை. பாட்டியின் கண் சொட்டு மருந்து தீர்வதற்குள் வாங்கிவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்