ஞாயிறு உரையாடல்: சிவாஜியின் மேடை நாட்கள்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு மாலை சிவாஜி கணேசனைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். படங்களைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசியாகிவிட்டது. இந்த முறை அவருடைய நாடக வாழ்க்கையிலிருந்து தொடங்குவோம்.

சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர் அவர். பெண் வேடம் உட்பட கிடைத்த வேடமெல்லாம் கட்டினார். அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக வந்தவரைப் பார்த்துப் பெரியார் சொன்ன பெயர்தான், வி.சி.கணேசனை சிவாஜி கணேசனாக்கியது. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’ வந்தது. அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

ஆனால் அவர் மேடையை விடவில்லை, எனக்கு அதுதான் பெரிய விஷயம். சினிமாவில் உச்சத்தில் இருந்தபோதே சிவாஜி நாடக மன்றம் நடத்தினார். சக்தி கிருஷ்ணசாமி எழுதிய கட்டபொம்மனை முதலில் மேடையில்தான் நடித்தார். 1959இல் அது படமானது, 1960இல் கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ‘வியட்நாம் வீடு’ம் அப்படித்தான், நாடகமாக இருந்து 1970இல் படமானது. அவர் நடிப்பை ‘மிகை’ என்பவர்கள், மைக் எட்டாத கடைசி வரிசைக்கும் முகபாவம் போய்ச் சேர வேண்டிய மேடையை நினைத்துப் பார்க்க வேண்டும். சொல்லப்போனால், ‘முதல் மரியாதை’யில் அதே மனிதர் எவ்வளவு அடங்கி நடித்தார்!

அவர் நாடகத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் நினைவுகளைக் குரல் பதிவாக சனிக்கிழமைக்குள் இங்கே போடுங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.