பாடம் தெரிந்த பிள்ளை ஏன் மார்க்கை விடுகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பொதுத்தேர்வு நெருங்கினால் உங்கள் நாளிதழில் பத்தாம் வகுப்பு மாதிரி வினாத்தாள்கள் வரத் தொடங்கிவிடும். பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துப் படிக்கிறார்கள். நல்ல சேவை. அறிவியல் தாளுக்கு மட்டும் இன்னொன்றும் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

நான் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். விடைத்தாள் திருத்தும்போது மனசு கஷ்டப்படுவது ஒன்றும் எழுதாத பிள்ளையைப் பார்த்து அல்ல. எல்லாம் தெரிந்தும் கேட்டதை எழுதாத பிள்ளையைப் பார்த்துத்தான். 'தமனி, சிரை வேறுபடுத்துக' என்று கேள்வி. நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் 'தமனியின் சுவர் தடித்தது', அதற்கு நேர் எதிரே 'சிரையில் வால்வுகள் உண்டு' என்று எழுதியிருப்பான். இரண்டும் சரியான செய்திதான். ஆனால் வேறுபாடு எங்கே இருக்கிறது? சுவருக்கு எதிரே சுவர் வர வேண்டும், வால்வுக்கு எதிரே வால்வு. கோடு போட்டுவிட்டாலே வேறுபடுத்தியாகிவிட்டது என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

'வானம் நீல நிறமாகத் தோன்றுவது ஏன்?' என்ற கேள்விக்கு ஒளிச்சிதறலின் வரையறையைப் பிசகாமல் எழுதி வைப்பவர்கள் ஏராளம். 'ஏன்' என்றால் காரணம் வேண்டும். நீல ஒளியின் அலைநீளம் சிவப்பைவிடக் குறைவு. அலைநீளம் குறைந்த ஒளி காற்றின் மூலக்கூறுகளால் அதிகம் சிதறும். ஆகவே எந்தப் பக்கம் பார்த்தாலும் நீலம். அந்த 'ஆகவே' இல்லாவிட்டால் விடை பாதியில் நிற்கிறது.

கூற்று–காரணம் வினாவிலும் இதே கதை. கூற்று: வானம் நீலமாகத் தெரிகிறது. காரணம்: வெற்றிடத்தில் எல்லா நிற ஒளிக்கும் வேகம் ஒன்றே. இரண்டும் உண்மை என்றதும் 'இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது' என்ற விடையைக் குறித்துவிடுவார்கள். இரண்டாவது முதலாவதை விளக்குகிறதா என்று பார்ப்பதுதான் அங்கே வேலையே!

ஓம் விதியைக் 'கூறு' என்றால் 'மாறா வெப்பநிலையில்' என்பதை விடாமல் விதியைச் சொன்னால் போதும், பக்கம் நிரப்ப வேண்டாம். 'ஒளிவிலகல் என்றால் என்ன? அதன் விதிகளைக் கூறு' என்பது ஒரே எண்ணில் வரும் இரண்டு கேள்விகள். இரண்டாவதைத் தொடாமலே அடுத்த எண்ணுக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 'எவையேனும் இரண்டு' என்றால் ஐந்து எழுதுவது நேர விரயம்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. புக் பேக் கேள்விக்குக் கைடில் உள்ள விடையை அப்படியே உருப்போட வைத்துவிட்டு, கேள்வியைப் படிக்கக் கற்றுக்கொடுக்காமல் விட்டது நாங்கள்தான். தேர்வறையில் வினாத்தாளைப் படிக்க 10 நிமிடம் தருகிறார்கள். அதில் 'நான் படித்தது வந்திருக்கா' என்று தேடுவதைத்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு கேள்வியும் எப்படி முடிகிறது என்று ஒரு தடவை பார்த்தால் நல்லது. வினாத்தாளில் கோடெல்லாம் போட வேண்டாம், பார்த்தால் போதும்.

எழுத்துத் தேர்வின் 75 மதிப்பெண்ணில் 2, 4, 7 மதிப்பெண் வினாக்கள்தான் பெரும்பகுதி. இந்தச் சறுக்கல் நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே இந்த வருடம் மாதிரித் தாள் வெளியிடும்போது, ஒரே பாடப்பகுதியை எடுத்து 'வரையறு', 'காரணம் கூறு', 'வேறுபடுத்துக', 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என நான்கு விதமாகக் கேட்டு, நான்குக்கும் விடை எப்படி மாறுகிறது என்று அருகருகே அச்சிடுங்கள். வாரம் ஒரு பாடம் போதும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே தொடங்கினால் இன்னும் நல்லது. பிப்ரவரியில் வந்தால் யாருக்கும் உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்),
திண்டுக்கல் மாவட்டம்.