சூடான போனெல்லாம் ஹேக் ஆன போன் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார ஞாயிறு மலரில், கைப்பேசி ஹேக் ஆனதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். பேட்டரி சீக்கிரம் இறங்கும், போன் சூடாகும், வேகம் குறையும் என்று அறிகுறிகள் வரிசையாக இருந்தன. ஜார்ஜ்டவுனில் கொம்தார் பக்கம் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் நான். அந்தக் கட்டுரை வந்ததிலிருந்து, "தம்பி, என் போனுக்குள்ளே எவனோ புகுந்துட்டான், கொஞ்சம் பாரு" என்று பத்திரிகைத் துண்டோடு ஆள்கள் வருகிறார்கள். வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் நாலைந்து வருடம் ஓடிய போன். பேட்டரிக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். லித்தியம் பேட்டரி இரண்டு மூன்று வருடத்திலேயே தளரத் தொடங்கிவிடும். நடுமதிய வெயிலில் டாஷ்போர்டில் மாட்டி, வழிகாட்டும் வேஸ் ஆப்பைப் போட்டுவிட்டு, கூடவே சார்ஜும் ஏற்றினால் புதுப் போன்கூடத்தான் கொதிக்கும்.

இன்னும் சிலர், "உங்கள் போனில் வைரஸ், உடனே சுத்தம் செய்யுங்கள்" என்று திரையில் விளம்பரம் விழுவதைக் காட்டிப் பதறுகிறார்கள். ஏதோ ஓர் இணையத்தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது 'அலவ்' தட்டியிருப்பார்கள். குரோம் அமைப்புகளில் அந்தத் தளத்தின் அனுமதியை எடுத்துவிட்டால் போதும். அந்த எச்சரிக்கையை நம்பி அது சொல்லும் ஆப்பை இறக்கினால்தான் நிஜமான ஆபத்து.

உண்மையில் ஹேக் ஆகி என் மேசைக்கு வந்த போன்களில் பல சாதுவாகத்தான் இருந்தன. சூடு இல்லை, தயக்கம் இல்லை. பிறை என்ற ஊரிலிருந்து வந்த ஓர் அக்காவின் போனைச் சொல்கிறேன். சொந்தக்காரர் எண்ணிலிருந்து புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) திருமண அழைப்பிதழ் வந்திருக்கிறது. படமோ பிடிஎஃபோ இல்லை, பெயர் ஏபிகே (.apk) என்று முடியும் கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு. தட்டினார், ஏதேதோ அனுமதி கேட்டது, கொடுத்தார். அழைப்பிதழ் மட்டும் திறக்கவே இல்லை. சரி, கோப்பு பழுது போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். அந்தச் சொந்தக்காரர் போனும் அதே வழியில் முன்பே போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. சேமிப்புப் பணம் வெளியேறியபோது வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்திகூட அவர் கண்ணில் படவில்லை. வரும் எஸ்எம்எஸ்ஸை எல்லாம் முதலில் வாங்கிக்கொள்ளும் வேலையை அந்த ஆப் எடுத்துக்கொண்டிருந்தது.

திரையில் அதற்கு ஐகானே கிடையாது. அமைப்புகளுக்குள் போய் ஆப் பட்டியலில் தேடியபோதுதான் சிக்கியது. நீக்கும் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது, ஏனென்றால் அது தன்னை டிவைஸ் அட்மின், அதாவது போனை நிர்வகிக்கும் உரிமை உள்ள ஆப், ஆக்கிக்கொண்டிருந்தது. அக்சஸிபிலிட்டி பக்கத்தைத் திறந்தேன். நான் கைவைப்பதற்குள் பக்கம் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடியது. பக்கத்தில் நின்ற அக்கா, "பேய் கீய் இருக்கா தம்பி?" என்று கேட்டார். அக்சஸிபிலிட்டி என்பது பார்வைக் குறை உள்ளவர்களுக்காகத் திரையை வாசித்துக் காட்டவும் அவர்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் வைத்த வசதி. அந்த அனுமதி ஒரு திருட்டு ஆப்பின் கைக்குப் போனால், அதுவும் திரையை வாசிக்கும், அதுவும் பொத்தானை அழுத்தும். வங்கி ஆப்பில் நாம் தட்டும் கடவுச்சொல்லை வேடிக்கை பார்க்கும், நீக்க வந்தவனை வெளியே தள்ளும். கடைசியில் போனை சேஃப் மோடில் போட்டோம். அதில் நாம் நிறுவிய ஆப் எதுவும் ஓடாது என்பதால் அட்மின் உரிமையைப் பிடுங்கி அதை நீக்க முடிந்தது.

ஆகவே அறிகுறி தேடுகிறவர்கள் பேட்டரியைத் தொட்டுப் பார்ப்பதைவிட ஆண்ட்ராய்டில் அக்சஸிபிலிட்டி, டிவைஸ் அட்மின், எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் நிறுவும் அனுமதி ஆகியவற்றைப் பார்க்கட்டும். அங்கே தெரியாத பெயர் இருந்தால் விஷயம் இருக்கிறது. ஆப்களைச் சோதிக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட் தானாக அணைந்திருந்தாலும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து வந்த ஆப்புக்கு அக்சஸிபிலிட்டி கொடுக்கப் போனால் முதலில் தடுக்கும். அதையும் தாண்ட வைக்க ஒருவன் அழைப்பிலேயே இருந்து "இதை அழுத்துங்க ஆண்டி, அதை அழுத்துங்க" என்று சொல்லித் தருவான். ஃபேஸ்புக்கில் மலிவு விலை வீடு சுத்தம் செய்யும் சேவை என்று விளம்பரம் போட்டு, முன்பதிவுக்கு இந்த ஆப் வேண்டும் என்பவனும் இதே கூட்டம்தான். ஐபோனில் இப்படி ஏபிகே ஏறாது, ஆனால் போலி வங்கிப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டினால் எந்த போனும் காப்பாற்றாது.

புலனம் பறிபோவது வேறு கதை. தெரிந்தவர் பெயரில், "தவறுதலா உங்களுக்கு ஆறு இலக்க எண் வந்திருக்கும், அனுப்புங்க" என்று கேட்பார்கள். அது உங்கள் புலனக் கணக்கைத் திறக்கும் எண், அனுப்பினால் கணக்கு போயிற்று. உடனே உங்கள் எண்ணிலேயே மறுபடி பதிவு செய்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் புதிய எண்ணைத் தட்டினால் அவன் வெளியே விழுவான். இடையில் அவன் இரண்டாம் கட்டப் பாதுகாப்புக்கு ரகசிய எண் (PIN) வைத்திருந்தால் நீங்கள் நுழைய 7 நாள் காத்திருக்க நேரும், ஆனால் அவனும் உள்ளே இருக்க முடியாது. புலனத்தில் சேர்க்கப்பட்ட கருவிகள் (Linked devices) பட்டியலையும் அப்புறம் பார்த்துவிடுங்கள்.

கட்டுரையில் எனக்கு உண்மையாகவே மனக்குறை தந்தது கடைசிப் பத்தி. "உடனே அருகிலுள்ள கைப்பேசிக் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள்" என்று இருந்தது. எனக்கு வியாபாரம், ஆனாலும் சொல்கிறேன், கடைசியாக வரவேண்டிய இடம் எங்கள் கடை. பணம் போவது நிமிடக் கணக்கில். முதலில் ஏரோபிளேன் மோடைப் போட்டு வைஃபையை அணைக்க வேண்டும். பிறகு வேறு ஒருவர் போனிலிருந்து வங்கியின் 24 மணிநேர மோசடிப் புகார் எண்ணுக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். அடுத்து 997. மலேசியாவின் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் இந்த எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே பிடித்து நிறுத்தத்தான் அது இருக்கிறது, தாமதித்தால் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. அப்புறம் போலீஸ் புகார்.

என் தொழில்காரர்கள் சிலர் மேலும் ஒரு கெடுதல் செய்கிறார்கள். போன் கைக்கு வந்ததும் முழுதாக அழித்து, "வைரஸ் கிளீனிங்" என்று ஐம்பது அறுபது வெள்ளி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். ஆப்பின் பெயர், வந்த செய்தி, அனுப்பியவர் எண் எல்லாம் அதோடு போய்விடும். போலீஸ் எதைப் பார்ப்பது? அழிப்பதற்கு முன் இன்னொரு போனால் அந்தத் திரைகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபேக்டரி ரீசெட் அதற்குப் பிறகு. கூகுள் கடவுச்சொல்லையும் வங்கிக் கடவுச்சொல்லையும் சுத்தமான வேறு கருவியிலிருந்துதான் மாற்ற வேண்டும், பாதிக்கப்பட்ட போனிலேயே மாற்றினால் புதிய சாவியையும் அவனிடமே கொடுத்த மாதிரி.

வங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. எஸ்எம்எஸ்ஸில் வரும் டேக் (TAC) என்ற ஒருமுறை உறுதி எண்ணை விட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறச் சொல்லியும் மோசடிப் புகாருக்குத் தனி எண் வைக்கச் சொல்லியும் 2022இல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்தது. நல்லதுதான். ஆனால் பிறை அக்காவின் வங்கியில் அந்த எண்ணை அழைத்தபோது மலாயிலும் ஆங்கிலத்திலும் பதிவுக் குரல் இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து என்று ஓடிக்கொண்டே இருந்தது. பதற்றத்தில் இருக்கும் வயதானவர் அதற்குள் போனை வைத்துவிடுவார். மோசடி என்றால் நேராக ஆளிடம் போகும்படி ஏன் வைக்கக்கூடாது?

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் தலையங்கத்தைத் தவறவிடுவார்கள், ராசிபலனைத் தவறவிட மாட்டார்கள். அதன் பக்கத்தில் தினமும் ஒரு சிறு கட்டம் ஒதுக்கி 997 என்று பெரிய எழுத்தில் போடுங்கள். கீழே, ஏபிகே என்று முடியும் அழைப்பிதழைத் திறக்காதீர்கள் என்று ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
கைப்பேசி பழுதுபார்க்கும் வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு